சீனிக்குள் ஒரு சில்லு

கூப்பன் மட்டைக் காலத்தில் பால்பல் விழுந்து முளைத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். ஆனால் ஒரு சுண்டு சீனிக்கு இவள் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுகிறாள் என்று அவர்களுக்கு விளங்குமோ தெரியாது. நம்மில் பாதிப் பேருக்கு இப்போது டாக்டர் சீனியைத் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. மற்றப் பாதிப் பேர் டாக்டரிடமே போகாதவர்கள். இரண்டு பகுதியும் ஒரு வாய் தேத்தண்ணியோடு இதைக் கேளுங்கள்.

அண்மையில் ஒருநாள் என் மகள் குசினி அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சீனி. கேக் அடிக்கவென்று வாங்கி வைத்து மறந்துபோய், அது இறுகிப் போத்தலோடு ஒட்டிவிட்டது. கைபேசியில் தேடினாள். ஒருவர் பாண் துண்டு போடச் சொல்கிறார், இன்னொருவர் அப்பிள் துண்டு போடச் சொல்கிறார். "என்னம்மா சிரிக்கிறியள்?" என்று கேட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? அந்தப் போத்தலுக்குள் எங்கள் சின்னமாமியின் கலியாணம் முழுவதும் கல்லாக இறுகிக் கிடப்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

நெடுந்தீவில் அது சோளகம் பிடித்த காலம். சோளகம் என்றால் தெற்கிலிருந்து வருகிற காய்ந்த காற்று. அது எழும்பினால் பனையோலை பகல் முழுக்கச் சலசலக்கும், உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும், கொடியில் போட்ட சட்டை அப்பளம்போல மொறமொறவென்று காயும். எங்களுக்கு அது நுங்குக் காலமும் கூட. ஐயா கடற்றொழில். வீட்டில் ஐயா, அம்மா, அண்ணன், நான், பிறகு ஐயாவின் தங்கை. அவரைத்தான் நான் சின்னமாமி என்பேன். என் தலையில் பேன் பார்ப்பதும், அம்மா அடிக்க வந்தால் நடுவில் நிற்பதும் அவர்தான்.

சின்னமாமிக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. ராசியில்லாத கை. முதல் தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அடுப்பில் வைத்த பால் திரைந்துவிட்டது. வெயிலில் பால் திரையாமல் என்ன செய்யும்? இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு எடுத்து வைத்த வெற்றிலைத் தட்டத்தை மதிலில் ஏறி வந்த ஆடு தின்றுவிட்டது. ஆட்டுக்குப் பசி. ஆனால் இரண்டு பேச்சும் குழம்பிப்போக, பாலையும் ஆட்டையும் விட்டுவிட்டுச் சனம் சின்னமாமியின் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் தொட்டு வைத்த எதையும் பெண்கள் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஊர்காவற்றுறைக்காரர். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் ஓடிய மோட்டார் வள்ளத்தில் எஞ்சின் பார்த்தவர். எங்கள் கரைக்குக் கிட்ட வரும்போது எந்தத் தேவையும் இல்லாமல் பாம் பாம் என்று இரண்டு தரம் கோன் அடிப்பார். குடம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் சின்னமாமி அதைச் சரித்து ஊற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். கிணற்றடியில் நின்றால் கடல் தெரியும். இவரும் இல்லையென்றால் இனி எவரும் வேண்டாம் என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் நித்திரைபோலப் படுத்திருந்து கேட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாய்க்கு அரை மனம். ராசிக் கதை கடல் தாண்டி அவர் காதுக்கும் போயிருந்தது. ஆனாலும் மாதா கோயிலில் பூசையில் கலியாண ஓலை வாசித்து நாளும் வைத்தாயிற்று. கலியாணக் கேக்கைத் தானே வந்து அடிப்பதாக அந்தச் சம்பந்தியம்மா சொல்லி அனுப்பினார். மாவும் முட்டையும் மாஜரினும் அவர் கொண்டு வருவார். சீனி பெண் வீட்டுப் பொறுப்பு.

அந்தக் காலத்தில் சீனி சேர்ப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். சங்கக் கடையில் கூப்பனுக்குத் தருகிற சீனி ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் கலியாணம் என்றால் அந்த மாதம் எல்லா வீட்டுச் சீனியும் அந்த வீட்டுக்குப் போகும். பேணியிலும் கடதாசிச் சுருளிலும் சேலைத் தலைப்பிலுமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டிவிட்டுப்போய்ப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். அந்த முறை கடைக்கு வெள்ளைச் சீனி வரவில்லை, சிவப்புச் சீனிதான் வந்தது. பெரிய பிஸ்கட் தகர ரின் ஒன்று நிறைந்தது. மூடியைத் திறந்தால் வருகிற அந்த வாசத்துக்காகவே நான் குசினிக்குள் சும்மா சும்மா போய்வந்தேன். ரின்னைப் பார்த்துக்கொள்வது சின்னமாமியின் வேலை.

இங்கேதான் ஐயா வருகிறார்.

கடலால் வந்த மனிதர் சீனிக்குள் கையை விட்டுப் பிசைந்து பார்த்தார். முகம் மாறியது.

"ஈரமாக் கிடக்கு," என்றார். "வள்ளத்திலை தண்ணி அடிச்சிருக்கு. இப்பிடியே விட்டாப் புளிச்சுப் போம்."

"சிவத்தச் சீனி உப்பிடித்தான் பிசுபிசுக்கும்," என்று அம்மா சொல்லிப் பார்த்தார்.

"ஈரம் எண்டது கள்ளன். பாத்துக்கொண்டிருக்கவே முழுசையும் கொண்டுபோடும். மீனிலை நான் பாக்காத ஈரமே?"

ஐயாவைக் குறை சொல்லமாட்டேன். தீவில் பிறந்தவனுக்கு ஈரம்தான் பகை. உப்புக் கசியும், நெருப்புப்பெட்டி நமுக்கும், வலை இற்றுப்போகும், காயாத கருவாட்டில் புழு வைக்கும். எதைக் கண்டாலும் காய வைப்பதுதான் எங்கள் அறிவு. அதனால் முற்றத்தில் ஒரு புதுப் பாய் விரித்து, ஒரு பக்கம் கருவாடு, மறுபக்கம் சீனி என்று ஐயா காய வைத்தார். எனக்குப் பூவரசந் தடி ஒன்று தந்து காகம் கலைக்க விட்டார். நான் கலைத்தேன். கலைத்த நேரம் போக மிச்ச நேரம் விரலை நக்கினேன்.

பின்னேரம் ஐயா சீனியை ரின்னில் போட்டது இன்னும் விசேஷம். ஜாடியில் மீன் அடைக்கிற மாதிரி, ஒரு படை போட்டு முட்டியால் குத்தி, மேலே இன்னொரு படை போட்டுக் குத்தி, காற்றுப் போக ஒரு துவாரம் இல்லாமல் அமர்த்தி அடைத்தார். பிறகு ரின்னைத் துணியால் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினார். இரண்டு நேரமும் அடுப்புச் சூடும் புகையும் பட்டுக்கொண்டிருந்தது. "இனி வருசக் கணக்கிலை கிடக்கும்," என்று கையைத் தட்டிவிட்டுப் போனார். அதில் மட்டும் அவர் சொன்னது பிழையில்லை.

கேக் அடிக்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. சின்னமாமி ரின்னை இறக்கித் திறந்து கரண்டியை விட்டார். டங் என்றது. கரண்டியின் கழுத்து வளைந்தது. சின்னமாமி மற்றக் கரண்டியை எடுத்தார். அதுவும் டங். அம்மா வந்து தட்டிப் பார்த்தார். அண்ணன் தட்டிப் பார்த்தான். கடைசியில் ஐயா வந்து, தச்சன் மரம் தட்டிப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். ரின்னின் வடிவத்திலேயே ஒரு மண்ணிறக் கல்.

"நான்தான் பொறுப்பு எண்டு தந்தனீங்கள்," என்று சின்னமாமி மெல்லச் சொன்னார். "என்ரை கையிலைதானே கிடந்தது. இனிச் சனத்துக்குக் கதைக்க வேறை என்ன வேணும்?"

"விசர்க் கதை கதையாதை," என்றார் ஐயா. ஆனால் அவருடைய குரலிலும் பயம் இருந்தது. இனிப்பே கல்லாய்ப்போன வீடு என்று யாராவது ஒரு சொல் சொன்னால், அரை மனத்தோடு வருகிற சம்பந்தியம்மாவுக்கு மிச்ச அரையும் போய்விடும். ஒழுங்கை முழுக்கத் தந்த சீனி வேறு. திரும்பச் சேர்க்க எந்த வீட்டிலும் ஒரு கரண்டி இல்லை.

"தண்ணி விட்டுப் பாகு காய்ச்சினால் என்ன?" என்று ஐயா கேட்டார்.

"கேக்குக்குச் சீனியை மாஜரினோடை போட்டு அடிக்கவேணும். பாகை விட்டா அது கேக் இல்லை, களி," என்றார் அம்மா.

முதலில் உரலில் போட்டு இடித்தார்கள். ஐயா கோடரியின் பின்பக்கத்தால் ஒரு ஓரத்தை மட்டும் உடைத்துக் கொடுக்க, அம்மா உலக்கை போட்டார். சீனிக்கல் உரலுக்குள் நிற்காமல் வெடித்து வெளியே பாய்ந்தது. நானும் அண்ணனும் கோழிகளோடு போட்டி போட்டுப் பொறுக்கினோம். உரலில் தங்கியது கொஞ்சம் தூளானது. அதை ருசி பார்த்த அம்மா இருமத் தொடங்கினார். முதல்நாள் அதே உரலில்தான் செத்தல் மிளகாய் இடித்தது. எவ்வளவு துடைத்தும் காரம் போகவில்லை. இனித்துக்கொண்டு எரிகிற அந்தத் தூளை நானும் அண்ணனும் கண்ணில் தண்ணீர் வடிய வடிய ஆசையாகத் தின்றோம். அப்படி ஒரு பலகாரத்தை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

அடுத்து அவித்துப் பார்த்தார்கள். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குள் நாலைந்து சீனிக்கட்டிகளைப் போட்டு ஆவியில் வைத்தார் அம்மா. பெட்டி காலியாகவே திரும்பி வந்தது. சீனியெல்லாம் உருகிக் கீழ்ப்பானைத் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டு எல்லோரும் குடித்தோம். துக்க வீட்டில் குடிக்கிற மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தோம். ஆனால் நல்ல தேத்தண்ணி. ஐயா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியம்மா வந்தார். தூரத்துச் சொந்தம். ஒழுங்கையிலேயே அதிகச் சீனி தந்தவர். அவருக்கு ஒன்று தெரிந்தால் அடுத்த வள்ளத்தில் அது குறிகட்டுவானில் இறங்கும். அவருடைய காலடி கேட்டதும் சின்னமாமி ரின்னை மூடி, மறைக்க வேறு இடம் இல்லாமல், அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டார்.

"ஏன் பிள்ளை, கதிரை கிடக்கத் தகரத்திலை இருக்கிறாய்?"

"இதுதான் குளிர்ச்சி, பெரியம்மா."

"சீனி எப்பிடி? பத்திரமோ?"

"ஓம். நல்ல பத்திரம்," என்றார் சின்னமாமி. பெரியம்மா போகிறவரைக்கும் அவர் எழும்பவில்லை. பெரியம்மாவும் இலேசில் போகிற ஆள் இல்லை. ஒருவழியாக அவர் போனபிறகு சின்னமாமிக்குக் கால் விறைத்து எழும்ப முடியவில்லை. அம்மாவும் நானும் இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போது மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்துச் சின்னமாமி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார்.

இனி என் சில்லுக்கு வருகிறேன். பெண்பிள்ளைகள் மணலில் சில்லுக்கோடு விளையாடியது நினைவிருக்கும். கட்டம் கீறி, சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் கெந்திப் போய் அதைத் தட்டித் தட்டிக் கொண்டுவரவேண்டும். கோட்டில் பட்டால் ஆட்டம் போச்சு. சில்லு என்பது உடைந்த பானையின் ஓட்டுத் துண்டை வட்டமாகத் தேய்த்து எடுப்பது. என்னுடையது அண்ணன் உடைத்த தண்ணீர்ப் பானையின் அடிப்பாகம். எங்கள் வீட்டு முருகைக்கல் மதிலில் தேய்த்துத் தேய்த்து நானே செய்தது. செக்கச் சிவந்த நிறம். பாரமாக இருப்பதால் விழுந்த இடத்திலேயே நிற்கும். ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் கண். அதனால் விளையாடி முடிந்ததும் மணல் போகக் கிணற்றடியில் கழுவி, என் பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு மூடி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

அன்று அந்த ரின்னுக்குள் அம்மா தந்த சீனிக்கட்டி ஒன்றும் கிடந்தது. அதன்மேல்தான் ஈரச் சில்லைப் போட்டிருக்கிறேன். காலையில் திறந்தால் கட்டி இல்லை. அலை வந்துபோன மணல்போல மெத்தென்று சீனி. விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது.

ரின்னோடு சின்னமாமியிடம் ஓடினேன். அவர் சீனியைத் தொட்டார். சில்லைத் தொட்டார். பிறகு சில்லைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

"தண்ணிப்பானை ஓடு," என்றார். "தண்ணியைக் குடிச்சு வைச்சுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்கு." என்னைப் பார்த்தார். "உன்ரை சிநேகிதப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. சில்லும் கொண்டு வரட்டாம். பெரியாக்களுக்குச் சொல்லவேண்டாம்."

எங்கள் ஒழுங்கையின் சில்லுகள் எல்லாம் அன்று எங்கள் குசினிக்கு வந்தன. கறுப்பு, சிவப்பு, மூலை நெளிந்தது, சட்டிக் கரி போகாதது. ஒரு பிள்ளை தன் சில்லைக் கொடுக்கமாட்டேன் என்று இடுப்புச் சட்டையைப் பொத்திக்கொண்டு நின்றாள். சின்னமாமி அவளுக்கு முன்னால் குந்தி, "கடனாத்தான் கேக்கிறன். கலியாணம் முடிய உன்ரை கையிலை தருவன்," என்றார். பெரியவர்கள் சீனியைத் தந்த மாதிரி நாங்கள் சில்லைத் தந்தோம். சின்னமாமி அவற்றைக் கொதிநீரில் அவித்து, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, சீனிக்கல்லின்மேல் அப்பம் அடுக்குவதுபோல அடுக்கி ரின்னை இறுக்க மூடினார். ஒவ்வொரு நாளும் எடுத்து நனைத்து மாற்றினார். மேற்பக்கம் முதலில் இளகியது. அதை வழித்தெடுத்துவிட்டு அடுத்த படைக்குச் சில்லு வைத்தார். வழித்த அகப்பையை நக்க எங்களுக்கு முறை வைத்திருந்தார்.

இடையில் ஐயா கண்டுவிட்டார். "நான் வெளியிலை கலைச்ச ஈரத்தை நீங்கள் கூப்பிட்டு உள்ளை விடுறியளோ?" என்று கேட்டுவிட்டுக் கோபமாகத் தொழிலுக்குப் போனார். திரும்பி வந்தவர், ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ரின்னுக்குள் கையை விட்டார். ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கால் வழியவிட்டு, இன்னொரு பிடி அள்ளினார். அன்று இரவு சாப்பாட்டில் பெரிய மீன்தலையைச் சின்னமாமியின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். ஐயாவிடமிருந்து அதற்குமேல் ஒரு சொல் எதிர்பார்க்கக்கூடாது.

சம்பந்தியம்மா வந்து இறங்கினார். நல்ல உயரமான மனுஷி. கேக் சட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வரவேற்கிற சாட்டில் பெரியம்மாவும் வந்து குசினி வாசலில் நின்றார். சம்பந்தியம்மா கையைக் கழுவிவிட்டு, "எங்கை சீனி?" என்று ரின்னைத் தானே இழுத்துத் திறந்தார். அடி ஓரங்களில் கொஞ்சம் இறுகல் இருந்ததால் சில்லுகள் இன்னும் உள்ளேதான் கிடந்தன.

"இதென்ன, சீனிக்குள்ளை ஓடு?"

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "கலியாணச் சீனிக்குள்ளை உடைஞ்ச பானையோ? மாதாவே, எங்கடை பிள்ளைக்கு ராசிதான் இல்லையெண்டால், புத்தியுமோ?"

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. எனக்கு நோகிற அளவுக்கு இறுக்கினார். சின்னமாமி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

"சீனி கல்லாப் போச்சுது," என்றார். "என்ரை பொறுப்பிலைதான் கிடந்தது. அண்ணை ஈரமெண்டு கருவாட்டோடை காய வைச்சு, ஜாடி அடைக்கிற மாதிரி அடைச்சுப்போட்டார். இடிச்சம், மிளகாய் உறைச்சுது. அவிச்சம், கரைஞ்சு போச்சுது. பெரியம்மா வந்தண்டைக்கு நான் அதுக்கு மேலைதான் குந்தி இருந்தனான். பிறகு இந்தப் பிள்ளையின்ரை சில்லுத்தான் அதை இளக்கினது. அவிச்சுக் கழுவித்தான் போட்டனான். இதுதான் நடந்தது. இனி நீங்கள் நினைக்கிறதை நினையுங்கோ."

சம்பந்தியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற ஐயா நிலத்தைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாராக்கும் என்று நான் நினைத்தேன். சிரிப்பு. நிற்க முடியாமல் மாவு மூட்டையில் இருந்துகொண்டார்.

"கருவாட்டோடையோ?" என்றார் மூச்சு வாங்கி. "என்ரை மனிசனும் கலியாணம் முடிச்ச புதிசிலை என்ரை சீனியை வலைக்குப் பக்கத்திலை காயப் போட்டவர். நான் கோடரியாலை கொத்தி, கொத்தின துண்டு கண்ணிலை பட்டு, ஆசுப்பத்திரிக்குப் போனனான். வெளியிலை சொல்லேல்லை. வெக்கம். இந்தத் தீவாருக்கு ஈரத்தைக் கண்டாப் பேயைக் கண்ட மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னமாமியைப் பார்த்தார். "உம்மடை கைக்கு ராசியில்லையெண்டு எனக்கும் வந்து சொன்னவைதான். கல்லுக்கு மேலை குந்தி இருந்த பிள்ளைக்கு வேறை என்ன ராசி வேணும்? வாரும், வந்து மாஜரினை அடியும்."

பெரியம்மா எட்டி ரின்னுக்குள் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முட்டையை நான் உடைக்கிறன்," என்று உள்ளே வந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. அவருடைய சீனியும் அதற்குள் இருந்ததே.

அன்று எங்கள் குசினியில் கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் கேக் அடித்தார்கள். ஐயாவும் அடித்தார். துடுப்புப் போடுகிற மாதிரி அடித்ததால் அவரைச் சீக்கிரம் விலக்கிவிட்டார்கள். மேலும் கீழும் தணல் போட்டு வேக வைத்தபோது எழும்பிய வாசத்துக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கலியாணம் முடிய, கேக் துண்டுகளை வண்ணக் கடதாசியில் சுற்றி வீடு வீடாகக் கொடுத்தோம். அவரவர் சீனி அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

சின்னமாமி சொன்னபடி சில்லுகளை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். என்னுடையதைத் தவிர. கேக் அடித்த அன்றே சம்பந்தியம்மா ரின்னுக்குள் துழாவி, நல்ல சிவப்பாக, பாரமாக இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்து, "இது எனக்கு வேணும். வீட்டுச் சீனிக்குப் போட," என்று இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். சம்பந்தியம்மாவிடம் போய் அது என்னுடையது என்று யார் சொல்வது?

கலியாணப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் வாயைக் கோணி அழுதுகொண்டு நிற்பேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இத்தனை வருடமாகச் சொல்வது ஒன்றுதான்: "பாவம் பிள்ளை, மாமியிலை அவ்வளவு உயிர்." நானும் திருத்தப் போகவில்லை.

மகளின் போத்தலைப் பார்த்த அடுத்த நாள் நான் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, சரவணை என்று காற்று வாங்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போய் இறங்கினேன். சின்னமாமிக்கு இப்போது கூன் விழுந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தில் காது போன மாமா, என்னைக் கண்டதும் பழைய வழக்கத்தில் வாயாலேயே இரண்டு தரம் கோன் அடித்தார். சின்னமாமி தேத்தண்ணி ஊற்றினார். நான் மனதில் இத்தனை காலம் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சின்னமாமி, அண்டைக்கு நான் உங்களை நினைச்சு அழேல்லை. சில்லுக்குத்தான் அழுதனான்."

"எனக்குத் தெரியும்," என்றார். "நீ என்னைப் பாத்து அழேல்லை. மாமாவின்ரை தாய் மனிசியின்ரை இடுப்பைப் பாத்தெல்லோ அழுதனீ."

"தெரிஞ்சுகொண்டோ வாங்கித் தராமல் விட்டனீங்கள்?"

அவர் எழும்பிப் போய்ச் சீனி ரின்னை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"வாங்கித் தரத்தான் நினைச்சனான். ஆனா இஞ்சை வந்த புதிசிலை, இந்தப் பக்கத்துச் சனமும் என்ரை ராசியைப் பற்றிக் கதைச்சது. கதைக்க வந்த ஆக்களுக்கு முன்னாலை மனிசி சீனி ரின்னைத் திறந்து சில்லைக் காட்டும். 'உதுதான் என்ரை மருமோள் கொண்டந்த சீதனம். உங்கடை மருமோள்மார் கொண்டந்தது இன்னும் கிடக்குதோ?' எண்டு கேக்கும். பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை. சண்டைக்குள்ளை நாங்கள் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடினனாங்கள். போய்ச் சேந்த இடத்திலை பாத்தா, மனிசியின்ரை மடிக்குள்ளை சில்லு. சீனி இல்லை, ரின் இல்லை, சில்லு மட்டும் கிடக்கு. அதை எப்பிடிப் பிள்ளை நான் திருப்பிக் கேக்கிறது?"

மூடியைத் திறந்தேன். சிவப்புச் சீனியின் நடுவில் என் சில்லு. ஊறி ஊறி விளிம்பு மழுங்கியிருந்தது. நிறம் மட்டும் அப்படியே. கையில் எடுத்தேன். அந்தப் பழைய குளிர்ச்சி. அன்று நான் சில்லுக்கு அழுதேனா, சின்னமாமிக்கு அழுதேனா என்று இப்போது கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வள்ளத்தில்தானே போயின.

"கொண்டு போ," என்றார் சின்னமாமி. "உன்ரை தானே."

நான் முற்றத்துக்குப் போனேன். விளக்குமாற்றுக் காம்பால் மணலில் கட்டம் கீறினேன். மாமா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்க இருந்தார். சில்லை எறிந்து, சேலையைத் தூக்கிப் பிடித்து, முழங்கால் நோவோடு ஒரு கட்டம் கெந்தினேன். ஒரே ஒரு கட்டம்.

"கோட்டிலை கால் பட்டிட்டுது," என்றார் வாசலில் நின்ற சின்னமாமி. "ஆட்டம் போச்சு."

"படேல்லை, சின்னமாமி."

"நான் கண்டனான். பட்டது."

குனிந்து சில்லை எடுத்தேன். கிணற்றடிக்குப் போய் மணல் போகக் கழுவினேன். உள்ளே வந்து அதை என் கையாலேயே சின்னமாமியின் ரின்னுக்குள் திரும்ப வைத்து, சீனி இறுகாதபடி மூடியை இறுக்கினேன்.